வீட்டுத்தோட்டமும் பருவகால உணவும்
மடவளைப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அன்னம் இறைவனின் வடிவம் என்பது சைவ மக்களின் நம்பிக்கை. ஆலயத்தில் நைவேத்தியம் இல்லாமல் பூசை நிறைவு பெறுவதில்லை. வீட்டிலும் முதற்பிடி சோற்றைக் காகத்திற்கு வைத்த பின்னரே உண்ணும் வழக்கம் இருந்தது. இவ்வாறு போற்றப்பட்ட அன்னம் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியை இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலானோர் 'கடையிலிருந்து' என்றே பதில் கூறுவர். அவர்களுடைய பாட்டனாரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், எந்த மாதத்தில் என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். இவ்விரு பதில்களுக்கும் இடையே ஒரு தலைமுறையின் அறிவு கைநழுவிப் போயுள்ளது. அந்த அறிவு யாது, அது ஏன் இன்றும் தேவைப்படுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணும் மழையும்

கண்டி நகருக்கு வடகிழக்கே, தும்பறைப் பகுதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப்புறமாக அமைந்துள்ளது மடவளை. வத்துகாமமும் பன்வில தோட்டப் பகுதிகளும் இதன் அயலில் உள்ளன. முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் கடைவீதி, அதைச் சூழச் சிங்களக் கிராமங்கள், மலைச்சரிவுகளில் தமிழ் மக்கள் வாழும் தோட்டக் குடியிருப்புகள் என மூவின மக்களும் ஒரே மழையையும் ஒரே மண்ணையும் பகிர்ந்து வாழும் இடம் இது.

இப்பிரதேசத்திற்கு மழை பல வழிகளில் வருகின்றது. சித்திரை மாதத்தில் பிற்பகல் இடிமழை பெய்யும். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியுடன் கூடிய பெருமழை. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே ஓரளவு வறட்சியான காலமாகும். நெற்செய்கை பெரும்போகம், சிறுபோகம் என இரண்டாக நடைபெறுகின்றது. பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டு மாசி, பங்குனி அளவில் அறுவடையாகும். சிறுபோகம் சித்திரை, வைகாசியில் விதைக்கப்பட்டு ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகும். ஓர் அறுவடை முடிந்து அடுத்த அறுவடை வரும் வரையுள்ள இடைக்காலமே ஏழைக் குடும்பங்களுக்குச் சோதனைக் காலமாகும். அந்த இடைவெளியை நிரப்பியது வயல் அன்று. வீட்டைச் சுற்றியிருந்த தோட்டமே.

தட்டடுக்குத் தோட்டம்

கண்டிப் பிரதேசத்தின் வீட்டுத்தோட்டம் உலகின் பல நாட்டு ஆய்வாளர்களையும் கவர்ந்த ஒன்றாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சிறு காடு போலத் தோன்றும். உற்று நோக்கினால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். எல்லாவற்றிற்கும் மேலாகத் தென்னை, கித்துள், கமுகு ஆகியன நிற்கும். அதன்கீழ்ப் பலா, ஈரப்பலா, மா, ஆனைக்கொய்யா ஆகியன விரிந்திருக்கும். அவற்றின் நிழலில் கராம்பு, சாதிக்காய், கோப்பி, வாழை ஆகியன வளரும். மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நிலமட்டத்தில் இஞ்சி, மஞ்சள், ரம்பை, வல்லாரை ஆகியனவும் மண்ணுக்குள் கிழங்கு வகைகளும் இருக்கும்.

இந்த அமைப்பின் பயன் இரண்டாகும். முதலாவது, ஒரு பயிர் பிழைத்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். இரண்டாவது, உதிரும் இலைகளே பசளையாகி மண்ணைப் போர்த்து வைத்திருக்கும். மிளகையும் கராம்பையும் விற்றுத் துணிமணி வாங்கலாம். பலாவையும் கிழங்கையும் உண்டு பசியாறலாம். பணப்பயிரும் பசிப்பயிரும் ஒரே தோட்டத்தில் அருகருகே நின்றமையே இதன் சிறப்பு எனலாம்.

பலா என்னும் சோற்று மரம்

இத்தோட்டத்தின் தலையாய மரம் பலா ஆகும். சிங்கள மக்கள் இதனைச் சோற்று மரம் என்னும் பொருளில் 'பத் கஸ' என்று அழைப்பர். 1660 ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு 1679 ஆம் ஆண்டு தப்பிச்சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் பலாவைப் பற்றிச் சிறப்பாகக் குறிப்பிட்டுள்ளார். பிஞ்சு, காய், பழம் என்ற ஒவ்வொரு பருவத்திற்கும் மக்கள் வெவ்வேறு பெயர் வழங்குவதையும், அரிசிக்குப் பதிலாகப் பலா மக்களுக்குப் பேருதவி புரிவதையும் அவர் பதிவு செய்துள்ளார். முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. பிஞ்சு 'பொலஸ்', முற்றிய காய் 'கொஸ்', பழம் 'வரக்கா' அல்லது 'வெல'. தமிழில் வருக்கன், கூழன் என்று கூறுவதும் இப்பழ வகைகளையே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் நாடெங்கும் பலாமரங்களை நடும் இயக்கமொன்றை முன்னெடுத்தார். இதனால் மக்கள் அவரை அன்புடன் 'கொஸ் மாமா' என்று அழைத்தனர். பின்னர் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியின்றிப் பலாமரத்தை வெட்டுவதைத் தடை செய்தது. ஒரு மரத்தை நாட்டின் சட்டமே காவல் காக்கின்றது என்றால், அதன் பெறுமதி எத்தகையது என்பதை உணர்ந்துகொள்ளலாம்.

பருவமும் சமையலும்

முன்னோர்கள் நாட்காட்டியைச் சுவரில் மட்டுமன்றி அடுப்பிலும் வைத்திருந்தனர். மரத்துக்கு மரம், உயரத்துக்கு உயரம் சில வாரங்கள் முன்பின்னாக மாறுமாயினும், இப்பகுதியின் உணவுப் பருவங்களைப் பொதுவாக நான்காகப் பிரித்து நோக்கலாம்.

தை முதல் பங்குனி வரை: பலாப்பிஞ்சுக் காலம். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சை வெட்டினால் பலாப்பால் ஒட்டாது. துண்டுகளை மண்சட்டியில் இட்டு, வறுத்த கறித்தூள், கொறக்காய், கறுவாப்பட்டை, ரம்பை, கறிவேப்பிலை சேர்த்து, இரண்டாம் பாலில் விறகடுப்பின் தணலில் நெடுநேரம் வேகவிட்டு, இறுதியில் முதற்பால் சேர்த்து இறக்குவர். முதல்நாள் இரவு சமைத்த இக்கறி மறுநாட் காலையில் மேலும் சுவைக்கும். மடவளையில் எந்த இனத்தவர் வீட்டிலும் இக்கறிக்கு வரவேற்புண்டு. மாசி வறட்சியில் கீரைப் பாத்திகளுக்குப் பாத்திரம் கழுவிய நீரையும் அரிசி களைந்த நீரையும் ஊற்றுவது வழமை. சவர்க்காரம் கலந்த நீரைத் தவிர்த்தல் நன்று.

சித்திரை முதல் ஆனி வரை: பலாக்காய் முற்றும் காலம். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்த பலாக்காய்ப் பால்கறியும் தேங்காய்ச் சம்பலும் ஒரு நேர உணவுக்குப் போதுமானவை. ஒரு பெரிய காய் ஒரு குடும்பத்திற்கு உணவாகி அயலவருக்கும் பங்கிடப்படும். பலாக்கொட்டையை வீசுவதில்லை. கழுவி நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலுக்குள் புதைத்து வைத்து, மழைக்காலத்தில் எடுத்துச் சமைப்பர். காய்ச் சுளைகளைக் கீறி, அவித்து, வெயிலில் காயவைத்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் சேமிக்கும் வழக்கமும் கண்டிக் கிராமங்களில் இருந்தது. நடுவதற்கான கொட்டையை மட்டும் தாமதமின்றி நடவேண்டும். பலாக்கொட்டை உலர்ந்தால் முளைதிறனை விரைவில் இழந்துவிடும்.

ஆடி முதல் புரட்டாசி வரை: கூழும் பயறும் சிறப்புப் பெறும் காலம். ஆடியில் அம்மன் ஆலயங்களில் குரக்கன் கூழ் காய்ச்சி வழங்குவர். யாழ்ப்பாண வழக்கில் அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்து ஆடிக்கூழ் ஆகும். அயலில் சிங்கள மக்கள் வல்லாரை முதலிய இலைச்சாறு சேர்த்துக் 'கொலகெந்த' என்னும் இலைக்கஞ்சி காய்ச்சுவர். முஸ்லிம் மக்கள் றமழான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பகிர்வர். பெயர்கள் வேறாயினும், சிறிதளவு தானியத்தைப் பலருக்குப் போதுமானதாக்கும் அறிவு ஒன்றேயாகும். புரட்டாசியில் நவராத்திரிக்குச் சுண்டலும் அவலும் வரும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: பெருமழைக் காலம். கீரை அழுகும், மரக்கறி விலை உயரும். இக்காலத்திற்குரியது மண்ணுக்குள் இருக்கும் உணவாகும். மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, சேம்பு, இராசவள்ளி ஆகியன தேவைப்படும்போது அகழ்ந்தெடுக்கக்கூடிய களஞ்சியமாகும். மரவள்ளியைத் தோல் நீக்கி, மூடாத பாத்திரத்தில் நன்கு அவித்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். அதில் இயற்கையாகவே நச்சுப்பொருள் உள்ளமையே இதற்குக் காரணமாகும். பிடுங்கிய கிழங்கை நாட்கணக்கில் வைத்துச் சமைப்பதையும், நீலம் பாய்ந்த கிழங்கை உண்பதையும் தவிர்க்கவேண்டும். மரவள்ளியுடன் இஞ்சி சேர்க்கலாகாது என்பதும் இங்குள்ள வீடுகளில் கைக்கொள்ளப்படும் விதியாகும்.

பஞ்சம் கற்பித்த பாடம்

இவ்வறிவின் பெறுமதி வளமான காலத்தில் தெரிவதில்லை. 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. மக்கள் மரவள்ளிக்கும் பலாவுக்கும் திரும்பினர்.

அதனினும் கொடியது 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி ஆகும். உலகச் சந்தையில் தானிய விலை உயர்ந்தது. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. மாவுக்கும் பாணுக்கும் வரிசை நீண்டது. இந்நெருக்கடி நாடு முழுவதையும் வாட்டியபோதும், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளரே. தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. வேலையும் உணவுமின்றி நகரங்களுக்கு இறங்கிய குடும்பங்களும் உண்டு. கிராமத்தவரிடம் ஒரு பலாமரமாவது, ஒரு மரவள்ளிப் பாத்தியாவது இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்குத் தாம் நின்ற மண்ணில் ஒரு மரம்கூடச் சொந்தமில்லை. தேயிலை நட்டு நாட்டை வளர்த்தவர்கள் தமக்கென ஒரு பலாவை நட்டுக்கொள்ள நிலமின்றி இருந்தனர். இது மலையக வரலாற்றில் மறக்கலாகாத பாடமாகும்.

அண்மைக் காலத்திலும் இப்பாடம் மீண்டும் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் விளைச்சலின் வீழ்ச்சியும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒன்றுசேர்ந்து 2022 இல் பெரும் நெருக்கடியாயின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகியது. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கும் அளவுக்கு நிலைமை சென்றது. எரிவாயு கிடைக்காத அந்நாட்களில் விறகடுப்பும் பலாக்காயும் பல வீடுகளைக் காத்தன. எனினும் ஓர் உண்மையையும் இங்கு சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை விதைத்தது அடுத்த வெள்ளிக்கிழமை விளைவதில்லை. கீரைக்கு ஒரு மாதம், மரவள்ளிக்கு எட்டு மாதமளவு, விதையிலிருந்து வளரும் பலாவுக்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். நெருக்கடி வந்தபின் பலா நடுபவர் அடுத்த நெருக்கடிக்கே நடுகின்றார். முன்னர் ஒருவர் நட்டு வைத்ததாலேயே 2022 இல் காய் கிடைத்தது.

குரங்கும் மழையும்

மரமிருந்தும் பயனில்லை எனச் சலித்துக்கொள்வோரும் உளர். குரங்கு, பன்றி, முள்ளம்பன்றி, மரஅணில் ஆகியவற்றின் தொல்லை கண்டி மாவட்டத்தில் மிகுதி. இத்தொல்லையின் பரிமாணத்தை அறிவதற்காக 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில் நாடு முழுவதும் ஐந்து நிமிட நேரம் விலங்குகள் கணக்கெடுக்கப்பட்டன. இதற்கு முழுமையான தீர்வு இன்னும் கிட்டவில்லை. எனினும் பழங்களாக விடாது பிஞ்சாகவும் காயாகவும் பறித்துப் பயன்படுத்துதல், மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை போன்று குரங்கு அதிகம் நாடாத பயிர்களை நடுதல் ஆகியன இழப்பைக் குறைக்கும்.

மற்றொன்று மண். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியின் பெருமழையால் மத்திய மலைநாடு பாரிய மண்சரிவுகளைக் கண்டது. கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகும். சரிவான நிலத்தை வெறுமையாக்கிக் கிழங்கு மட்டும் நட்டு, ஒரே வேளையில் முழுவதையும் அகழ்ந்தால் மேல்மண் மழையோடு சென்றுவிடும். ஆகவே சமவுயரக் கோட்டில் கல்வரம்பு கட்டுதல், கிளிரிசிடியா வேலி இடுதல், மரநிழலில் இலைப்போர்வையை அகற்றாதிருத்தல் ஆகியன அவசியமாகும். இவை மேல்மண்ணைக் காக்குமேயன்றிப் பெரும் மண்சரிவைத் தடுக்கமாட்டா. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தால் தோட்டத்தையும் உடைமையையும் எண்ணாது உடனே வெளியேறுவதே அறிவுடைமை.

இடமில்லாதோர் செய்யக்கூடியது

ஒரு ஏக்கர் தோட்டத்தை எல்லோராலும் கனவுகாண முடியாது. மலையக வீடமைப்புத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச் காணி சுமார் 177 சதுர மீற்றர் மட்டுமே. அதில் வீடு போக எஞ்சும் இடத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாசி, ஒரு வாழை, வேலியோரம் அகத்தி, பந்தலில் அவரையும் சௌசௌவும், நிழலில் வல்லாரை, ஈரநிலத்தில் பொன்னாங்காணி என வைத்துக்கொள்ளலாம். லயத்தில் வாழ்வோர் பழைய உரப்பைகளிலும் தகரங்களிலும் கொச்சி, கத்தரி, தக்காளி வளர்க்கலாம். அடியில் துளையிடுதல் முக்கியம். இல்லையேல் நீர் தேங்கிப் பயிர் அழுகுவதுடன் டெங்கு நுளம்பும் பெருகும். மரக்கறிக் கழிவு, உலர்ந்த இலை, சாணம், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் குறையாது மாதம் இருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் கூட்டெரு ஆகிவிடும். நல்ல நாற்றும் விதையும் ஆலோசனையும் பெற விரும்புவோர் விவசாயத் திணைக்களத்தின் அலுவலர்களை நாடலாம். பேராதனையும் கன்னொறுவையும் அயலில் இருப்பது இப்பகுதி மக்களின் நற்பேறாகும்.

ஆனால் 7 பேர்ச்சில் பலா வளர்ப்பது கடினம். அதன் கிளையும் வேரும் வீட்டையே மூடிவிடும். ஆகவே தனியொரு வீட்டால் இயலாததை ஊர் ஒன்றுசேர்ந்து செய்யவேண்டியுள்ளது.

ஆலயமும் விதையும்

ஊர்கூடும் இடம் ஆலயம். மரத்தை வணங்கியது நமது சமயம். திருக்குற்றாலத்தின் தலவிருட்சம் குறும்பலா. திருஞானசம்பந்தர் அத்தலத்தைக் குறும்பலா என்னும் பெயராலேயே ஒரு தனிப் பதிகத்தில் பாடியுள்ளார். அம்மன் திருவிழாவில் பெண்கள் சுமந்துவரும் முளைப்பாரியும் உழவோடு இணைந்ததே. தானியங்களை மண்சட்டியில் இட்டு, நிழலில் வைத்து நாள்தோறும் நீர் தெளிக்கும்போது எவ்வீட்டு விதை நன்கு முளைக்கின்றது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வழிபாடாகச் செய்தது விதைச் சோதனையாகவும் அமைந்தது.

இதனை அடிப்படையாகக் கொண்டு ஆலயங்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவதாக, ஆலயக் காணியின் எல்லையில், கட்டடங்களுக்குத் தூரமாக, பலாவும் ஈரப்பலாவும் நட்டு, அதன் காய் தேவைப்படும் குடும்பங்களுக்கு உரியது என விதித்தல். இரண்டாவதாக, திருவிழாக் காலத்தில் வீட்டு விதைகளையும் கிழங்குகளையும் பரிமாறிக்கொள்ள ஒரு நாளை ஒதுக்குதல். மூன்றாவதாக, அறநெறிப் பாடசாலை மாணவர் தமது வீட்டு மூத்தோரிடம் எந்த மாதம் எதை நட்டீர்கள், எதைச் சமைத்தீர்கள், எதைச் சேமித்தீர்கள் எனக் கேட்டு எழுதிவைத்தல். இம்மூன்றிலும் அவசரமானது மூன்றாவதே. மரத்தை அடுத்த ஆண்டும் நடலாம். மூத்தோரின் நினைவை அடுத்த ஆண்டு கேட்கலாம் என்பதற்கு உறுதியில்லை.

பஞ்சம் எந்த இனத்தவர் வீட்டு வாசலையும் விட்டுவைப்பதில்லை. பலாமரமும் தன் காயை யாருக்கும் மறுப்பதில்லை. ஆலயத்தில் அன்னதானத்திற்கு அமரும் ஒவ்வொருவரும், தம் வீட்டு மண்ணில் விளைந்த ஒரு கைப்பிடிக் கீரையையேனும் அடுத்த ஆண்டு மடைப்பள்ளிக்குக் கொண்டுவருவோம் எனச் சங்கற்பம் செய்துகொள்வாராயின், அதுவே அன்னத்திற்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும். மாதம் மும்மாரி பெய்து, மண் நிலைத்து, மக்கள் பசியின்றி வாழ எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் துணைநிற்பதாக.